கொஞ்சம் வேறு மாதிரியான குழந்தைக்கு வளர்ச்சி மதிப்பீடு பெறுவது எப்படி?

லிஃப்ட் எண்களையே நாளெல்லாம் ஒப்பிக்கும் குழந்தையும், கழுத்துப் பக்கத்தில் தைத்த துணிச்சீட்டை வெட்டியெறிந்தால்தான் சட்டையைப் போட்டுக்கொள்ளும் குழந்தையும் விசித்திரமாகத் தோன்றலாம். விசித்திரம் என்பதற்காக மட்டும் மருத்துவரைத் தேடி ஓட வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் குழந்தையின் பேச்சையோ, உறக்கத்தையோ, சாப்பாட்டையோ, பிற குழந்தைகளோடு சேர்வதையோ தடுக்கிறதா என்பதே கேள்வி. தடுக்கிறது என்றால், ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்ற வீட்டுப் பெரியவர்களின் ஆறுதலைக் கேட்டுக்கொண்டே மதிப்பீட்டுக்கும் பதிவு செய்துவிடுங்கள். 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராமலிருப்பது, 24 மாதத்தில் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசாமலிருப்பது, எந்த வயதிலாயினும் பேசிய சொற்களையோ பழகிய திறனையோ இழப்பது ஆகியவற்றுக்கு மட்டும் காத்திருப்பே கூடாது.

முதற்படி ஒரு குறிப்பேடு. மதிப்பீடு செய்பவர் குழந்தையைச் சில மணி நேரமே பார்ப்பார். அன்றைக்கென்று அது சமர்த்தாக உட்கார்ந்துவிடும், அல்லது அழுதே தீர்க்கும். ஆகவே இரண்டு வாரம் எழுதுங்கள். முடிவை எழுதாமல் கண்டதை எழுதுங்கள். ‘பிடிவாதக்காரன்’ என்ற குறிப்பால் எவருக்கும் பயனில்லை. ‘செவ்வாய் மாலை மிக்சி ஓடியதும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போனான், நிறுத்திய பிறகும் இருபது நிமிடம் வெளியே வரவில்லை, அழைத்தபோது திரும்பவில்லை, பிஸ்கட் உறையின் சத்தத்துக்குத் திரும்பினான்’ என்ற குறிப்பில் மருத்துவருக்கு நான்கு தடயங்கள் கிடைக்கின்றன. கைப்பேசியில் எடுத்த ஓரிரு நிமிடக் காணொளிகள் இன்னும் நல்லவை. பிரசவ விவரம், நடக்கவும் பேசவும் தொடங்கிய வயது, ஆசிரியர் எழுதித் தந்த குறிப்பு ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். பள்ளியில் நடப்பது ஏன் முக்கியம் என்றால், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமையும் அடங்காத துறுதுறுப்பும்) போன்றவற்றை உறுதி செய்ய வீட்டில் மட்டும் தெரியும் அறிகுறிகள் போதா. குறைந்தது இரண்டு சூழல்களிலாவது அவை தெரிய வேண்டும்.

பிறகு குழந்தை நல மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் முதலில் வினாத்தாள் ஒன்றைத் தரக்கூடும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் (பிறரோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறுபடும் வளர்ச்சி நிலை) அறிகுறிகளைத் தேடும் எம்-சாட் அப்படிப்பட்டதுதான், இப்போதைய திருத்திய வடிவில் மொத்தம் 20 கேள்விகள். இது சல்லடை மட்டுமே. அதில் சிக்கியதாலேயே ஆட்டிசம் என்று ஆகாது, சிக்காததாலேயே கவலை பொய்யென்றும் ஆகாது. முழு மதிப்பீட்டுக்கு வளர்ச்சி மருத்துவருக்கோ குழந்தை உளவியலாளருக்கோ அவரிடமே பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பேச்சு தாமதமாக இருந்தால் கேட்புத்திறன் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்: நடுக்காதில் நீர் கோத்திருக்கும் குழந்தையும் கூப்பிட்டால் திரும்பாது.

முறை வர மாதக்கணக்கில் ஆகலாம். பல இடங்களில் பேச்சுப் பயிற்சியைத் தொடங்க நோயின் பெயர் உறுதியாக வேண்டியதில்லை; அதற்காகக் காத்திருப்பதுதான் பெற்றோர் செய்யும் பெரிய தவறு என்பது என் எண்ணம்.

மதிப்பீட்டு நாளன்று ஊசி இல்லை, விளையாட்டும் படங்களும் கேள்விகளும் இருக்கும் என்று குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூங்கும் நேரத்தில் முறை வாங்காதீர்கள். வீட்டுமொழி எதுவோ அதிலேயே சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் மொழி தெரியாததைத் திறன் இல்லாததாக எழுதிவிடுவார்கள். குழந்தை தடுமாறும்போது விடையை எடுத்துக்கொடுக்கத் துடிக்கும் நாக்கை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். எளிதாகச் சொல்லிவிட்டேன், செய்வது கடினம்.

அறிக்கை கைக்கு வந்ததும் மதிப்பெண்களைத் தாண்டி மூன்றைக் கேளுங்கள்: எதில் குழந்தை வலுவாக இருக்கிறது, வீட்டிலும் வகுப்பிலும் நாளை முதல் எதை மாற்ற வேண்டும், மறுபடி எப்போது பார்க்க வேண்டும். பெயர் எதுவும் சூட்டப்படாவிட்டாலும் இம்மூன்றுக்கும் விடை வேண்டும். விடை தெளிவில்லை என்றால் வேறொரு வல்லுநரிடம் அதே குறிப்பேட்டை எடுத்துச் செல்லலாம். முதலில் பார்த்தவரிடம் அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.