தேதி கடந்த ஃபிலிம் ரோலை வைப்பதும் எடுப்பதும்

டப்பாவில் அச்சிட்ட தேதியைவிட முக்கியம், ரோல் எங்கே கிடந்தது என்பது. ஃப்ரீசரில் 15 ஆண்டு இருந்த ரோலை நம்பலாம். ஒரு கோடை முழுக்க காருக்குள் கிடந்ததை நம்ப முடியாது.

சூட்டில் கிடந்தால், வெளிச்சமே படாத வெள்ளி உப்புத் துகள்களும் டெவலப்பரில் (ஃபிலிமைக் கழுவும் ரசாயனம்) கறுக்கத் தொடங்கும். இதுதான் ஃபாக். நெகடிவ் முழுக்கச் சாம்பல் படர்ந்து, நிழல் பகுதியின் விவரம் அதில் மூழ்கிவிடும். கலர் ஃபிலிமில் மூன்று வண்ண அடுக்குகளும் ஒரே சீராகக் கெடுவதில்லை. நிழலில் ஒரு சாயலும் வெளிச்சத்தில் வேறொரு சாயலும் ஏறிவிட்டால், ஸ்கேனில் திருத்துவது பெரும்பாடு.

சில மாதங்களில் படம் எடுத்துவிடுவீர்கள் என்றால் ஃப்ரிட்ஜ் போதும். 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு வைக்க ஃப்ரீசர், மைனஸ் 18. கம்பெனி உறையைப் பிரிக்காமல் ஜிப் கவரில் போட்டு வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த ஃபிலிமில் காற்றின் ஈரம் படிந்து கறையாகும். ஃப்ரிட்ஜில் இருந்தது என்றால் ஒன்றரை மணி நேரம், ஃப்ரீசர் என்றால் இரண்டு மணி நேரம் விடுங்கள். 120 ரோலுக்கு (காகிதப் பின்தாளோடு சுற்றி வரும் அகலமான ஃபிலிம்) ஈரம் இன்னும் ஆபத்து: பின்தாளில் அச்சிட்ட எண்கள் படத்திலேயே பதிந்துவிடும்.

ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் வேகத்தின் எண்) 3200 போன்ற அதிவேக ஃபிலிமை வாங்கிச் சேர்க்காதீர்கள். சுற்றுப்புறக் கதிர்வீச்சாலும் ஃபாக் ஏறும், அதிவேக ஃபிலிமில் அது அதிகம்; அதை ஃப்ரீசர் தடுக்காது.

ஃப்ரிட்ஜில் வைக்காமல் வெளியில் கிடந்த கலர் நெகடிவுக்கு 10 ஆண்டுக்கு ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இருமடங்கு) கூடுதல் வெளிச்சம் என்பது பழகிய கணக்கு. தேதி கடந்து 20 ஆண்டான ஐஎஸ்ஓ 400 ரோலை, கேமராவில் 100 என்று வைத்து எடுங்கள். டிஎக்ஸ் கோடை (டப்பாவில் ஐஎஸ்ஓவைச் சொல்லும் குறியீடு) தானாகப் படிக்கும் கேமராவில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +2 ஆக்குங்கள். லேபில் வழக்கமான நேரமே போதும். புஷ் செய்தால், அதாவது டெவலப் நேரத்தைக் கூட்டினால், ஃபாக்கும் சேர்ந்து ஏறும். கறுப்பு வெள்ளை இவ்வளவு கெடாது, பாதி கணக்கு போதும். ஊட்டியில் தயாரான பழைய ‘இந்து’ ரோல் கிடைத்தாலும் இப்படியே தொடங்கலாம். ஸ்லைடுக்கு இந்தக் கணக்கே ஆகாது, அரை ஸ்டாப்புக்கு மேல் போக வேண்டாம்.

ஒரே பேட்சில் பல ரோல்கள் இருந்தால் ஒன்றைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஒரே காட்சியை 400, 200, 100, 50 என எடுத்து, ஒரு ஃபிரேமை லென்ஸ் மூடியோடு விடுங்கள். அந்த வெற்று ஃபிரேமின் சாம்பல்தான் ஃபாக்கின் அளவு.

எடுத்து முடித்த ரோலைத் தாமதிக்காமல் கழுவுங்கள். பதிந்த உருவமும் மங்கும்; இல்ஃபோர்ட் பான் எஃப் பிளஸ் இதில் பலவீனமானது, மூன்று மாதத்துக்குள் டெவலப் செய்துவிட வேண்டும்.