வயல்வெளிச் சாலைகளில் நெடுந்தொலைவு சைக்கிள் பயணம்

வயல்களுக்கு நடுவே செல்லும் சிறு சாலைகளில் பல நாள் சைக்கிளில் பயணம் செய்ய நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது டயரைத்தான். பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் இங்கே உதவாது. 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரைப் பொருத்தி, அதன் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும் உச்ச அளவுக்குக் குறைவாகவே காற்றடித்தால், பெயர்ந்த ஜல்லியின் அதிர்வு கைகளையும் முதுகையும் அவ்வளவாக வருத்தாது. சுமையை முதுகில் மாட்டிக்கொள்ளாமல், கேரியரின் இருபுறப் பைகளிலும் சம எடையாகப் பிரித்து, கனமானவற்றை அடியில் வைக்க வேண்டும்.

வேலி வெட்டும் பருவத்தில் சாலையெங்கும் முள் சிதறிக் கிடக்கும். பஞ்சரானதும் மாற்று டியூபைப் போடும் அவசரத்தில், குத்திய முள்ளின் முனை டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கக்கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடைத்தால், முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். அதைப் பிடுங்கிய பிறகே டியூபை நுழைக்க வேண்டும், இல்லையேல் சிறிது தூரத்திலேயே மீண்டும் காற்று இறங்கிவிடும்.

டிராக்டர் சக்கரங்கள் வயலிலிருந்து இழுத்து வந்த ஈரச்சேற்றின்மேல் பிரேக் பிடிக்காமலும் ஹேண்டிலைத் திருப்பாமலும் நேராகக் கடக்க வேண்டும். பயிர் உயர்ந்து நிற்கும் வளைவுகளில் எதிரே வரும் அறுவடை இயந்திரம் கண்ணில் படாது என்பதால் வேகத்தைக் குறைப்பது அவசியம். அது சாலையை அடைத்துக்கொண்டு வந்தால், ஓரமாக இறங்கி நின்று வழிவிடுவதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

திறந்தவெளியில் மேட்டைவிட எதிர்காற்றே அதிகம் களைப்பூட்டும் என்பது என் கருத்து. அதனுடன் மல்லுக்கட்டாமல் கியரைக் குறைத்து, நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று என்ற சீரான கதியில் மிதிக்கலாம். பொதுவாகக் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையிலேயே நாளின் பெரும்பகுதித் தூரத்தைக் கடந்துவிடுவது இன்னும் நல்லது.