பில்பாவோவில் ரிச்சர்ட் செர்ராவின் எஃகுச் சுவர்களுக்குள் நடப்பது எப்படி

அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் (1938–2024) வாழ்நாள் வேலைகளைத் திரட்டிக் காட்டும் பின்னோக்குக் கண்காட்சிகளை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமா 1986இலும் 2007இலும் நடத்தியது. அவரது எஃகுச் சிற்பங்களின் எடையைத் தாங்கும்படிதான் மோமாவின் புதுக் கட்டடத்தில் இரண்டாம் தளமே கட்டப்பட்டது. ஆனால் அப்படிப்பட்ட கண்காட்சிகள் சில மாதங்களில் முடிந்துவிடும். என்றைக்குப் போனாலும் பார்க்கக் கிடைப்பது ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் தரைத்தளத்தில் இருக்கும் 'தி மேட்டர் ஆஃப் டைம்'. மொத்தம் எட்டுச் சிற்பங்கள். 'ஸ்னேக்' மட்டும் 1997இல் அருங்காட்சியகம் திறந்தபோதே வந்தது. மற்ற ஏழும் 2005இல் சேர்ந்தன. ஒரே யோசனை சாதாரண நீள்வட்டத்தில் தொடங்கி, இரட்டை நீள்வட்டமாகி, சுருளாகி எங்கே போய் முடிகிறது என்பதை ஒரே கூடத்தில் நடந்து பார்த்துவிடலாம். அந்த வகையில் இதுவும் ஒரு பின்னோக்குக் கண்காட்சிதான்.

புறப்படும் முன் வீட்டில் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரு காகித மாதிரி செய்துகொள்ளுங்கள். எந்தக் கையேட்டையும் விட இது அதிகம் சொல்லித்தரும். 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்தில் ஒரே அளவான இரண்டு நீள்வட்டங்களைத் தடித்த அட்டையில் வெட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் துளையிட்டு ஒரு பென்சிலில் கோத்து, இடையில் 8 செ.மீ. விடுங்கள். மேல் அட்டையைக் கீழ் அட்டையிலிருந்து 60 டிகிரி திருப்பிப் பசையால் ஒட்டி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு அதைச் சக்கரம் மாதிரி ஒரு ஏ3 தாளின் மேல் மெதுவாக ஒரு முழுச் சுற்று உருட்டி, இரண்டு அட்டைகளின் விளிம்பும் தாளைத் தொடும் இடங்களைப் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். நெளிநெளியாக இரண்டு கோடுகள் வரும். இடைப்பட்ட பட்டையை வெட்டி, ஒரு முனையில் 2 செ.மீ. குறைத்துவிட்டு, அட்டைகளைச் சுற்றி டேப் போட்டு ஒட்டுங்கள். குறைத்த இடம்தான் வாசல். மேசை மட்டத்துக்குக் கண்ணை இறக்கி அந்த வாசல் வழியாகப் பாருங்கள்: ஒரு பக்கச் சுவர் உங்கள் மேல் சாயும், இன்னொரு பக்கம் விலகிப் போகும்.

செர்ராவும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கினார். அவர் உருட்டியது மரச் சக்கரம், சுற்றியது ஈயத் தகடு. பட்டை சரியாகப் பொருந்தவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: உருட்டும்போது ஓர் அட்டை பென்சிலில் வழுக்கிக் கோணம் மாறியிருக்கும். ஏ4 தாள் போதாது. இந்த நீள்வட்டத்தின் சுற்றளவே 32 செ.மீ. பக்கம் வரும்.

இனி நேரம். திறந்த முதல் ஒரு மணி நேரம், அல்லது மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம். கூட்டம் இருந்தால் இடம் மட்டுமல்ல, ஒலியும் கெடும்; சுருள்களுக்குள் காலடிச் சத்தம் சுவரோடு கூடவே வருவதைக் கேட்பது பாதி அனுபவம். பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை, கோடையில் இது மாறும்; அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்து நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மொயுவா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். முதுகுப்பையையும் நீளக் குடையையும் பொருள் காப்பறையில் கொடுத்துவிடுங்கள். சில இடைவெளிகள் குறுகலானவை. திரும்பும்போது பை சுவரில் உரசும். வெளிர் நிற உடை வேண்டாம், துருப்பிடித்த தகட்டில் தோள் பட்டால் கறை ஒட்டக்கூடும். இந்த ஒரு கூடத்துக்கே ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

மேல்தளத்திலிருந்து இந்தக் கூடத்தைக் குனிந்து பார்க்க ஒரு மாடம் உண்டு. முதலில் அங்கே போகாதீர்கள். படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் முதலில் ஓடுகிறார்கள். மேலிருந்து வடிவத்தைப் பார்த்துவிட்டால் அடுத்து என்ன வரும் என்று மூளைக்குத் தெரிந்துவிடும். அதன்பின் உள்ளே நடப்பது வரைபடத்தைச் சரிபார்க்கிற வேலையாகிவிடும். முதலில் கால், பிறகுதான் வரைபடம்.

கூடத்துக்குள் எது முதலில் எதிர்ப்பட்டாலும் தாண்டிப் போய் 'டார்க்ட் எலிப்ஸ்' (முறுக்கிய நீள்வட்டம்) என்ற ஒற்றை நீள்வட்டத்தில் தொடங்குங்கள். உள்ளே போகாமல் வெளியே ஒரு முழுச் சுற்று. பிறகு வாசல் வழியே நடுவுக்குப் போய் நின்று, மேல் விளிம்பை மட்டும் கண்ணால் ஒருமுறை சுற்றுங்கள். தரையில் உள்ள நீள்வட்டமும் மேலே உள்ள நீள்வட்டமும் ஒரே அளவுதான், திருப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. ரோமில் கட்டடக் கலைஞர் பொரோமினி கட்டிய சான் கார்லோ தேவாலயத்தில் பக்கவாட்டில் நின்றபோது, தரையின் நீள்வட்டமும் கூரையின் நீள்வட்டமும் ஒன்றுக்கொன்று திரும்பியிருப்பதாக செர்ராவுக்குத் தோன்றியது. நடுவுக்குப் போனதும் அது பொய்த்தோற்றம் என்று தெரிந்தது. அந்தப் பொய்த்தோற்றத்தைத்தான் அவர் எஃகில் செய்தார். சுமார் 5 செ.மீ. தடிமன், ஏறக்குறைய 4 மீட்டர் உயரம், முட்டுக்கால் கிடையாது. உள்ளே சாயும் பக்கமும் வெளியே சாயும் பக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டுவதால் நிற்கிறது. இந்தத் தகடு ஜெர்மனியின் சீகன் நகர ஆலையில் வளைக்கப்பட்டது.

அடுத்து இரட்டை நீள்வட்டம். வெளிச்சுவரின் வாசலும் உள்சுவரின் வாசலும் நேருக்கு நேர் இராது. நடுவிலுள்ள சந்தில் நடந்துதான் இரண்டாவது வாசலைப் பிடிக்க வேண்டும். பிறகு மூன்று சுருள்கள். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. சாதாரண நடையில் பாதி வேகம் வையுங்கள். சந்து தரைமட்டத்தில் அகலமாகவும் தலைக்கு மேல் குறுகலாகவும் இருக்கும், சில எட்டுகளில் அப்படியே தலைகீழாக மாறும். உடம்பு தானாகவே ஒரு பக்கம் சாய்வதைக் கவனியுங்கள். மையத்தை அடைந்தால் வேறு வெளிவழி இல்லை, வந்த வழியேதான் திரும்ப வேண்டும். திரும்பும் நடை வேறு நடை: போகும்போது உங்களை நெருக்கிய சுவர் வரும்போது விலகும்.

'ஸ்னேக்' 30 மீட்டருக்கு மேல் நீளும் மூன்று நெளிவுப் பட்டைகள். ஒரு சந்தில் போய் மறு சந்தில் திரும்பி வாருங்கள். இரண்டுபேர் ஆளுக்கொரு சந்தில் நடந்தால் குரல் மட்டும் கேட்கும், ஆள் தெரியாது. கோளத்தின் துண்டுகளையும் வளையத்தின் துண்டுகளையும் வைத்துச் செய்த கடைசி இரண்டும் கொஞ்சம் வறட்சியானவை, களைப்பாக இருந்தால் ஒரு சுற்றோடு விட்டுவிடலாம்.

தலை சுற்றினால் தரையைப் பாருங்கள். சரிவது போலத் தோன்றும், ஆனால் தரை முழுக்கச் சமமட்டம்; பாதங்களில் பார்வையை நிறுத்தினால் அரை நிமிடத்தில் தெளிந்துவிடும். குழந்தைகளின் கையை விடாதீர்கள். சுருளைக் கண்டால் அவர்களுக்கு ஓடத்தான் தோன்றும், எதிரே வருகிறவர் தெரியமாட்டார்.

சுவரைத் தொடக்கூடாது. கை வியர்வையின் உப்பும் எண்ணெயும் துருவில் தழும்பாகப் பதியும், துடைத்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். இது கார்டென் எஃகு. செம்பு, குரோமியம், நிக்கல் சிறிதளவு சேர்ந்திருப்பதால் இதன் மேல்துரு சாதாரண இரும்பின் துருபோல உதிராமல் இறுகி, உள் உலோகத்தைக் காக்கிறது. ஆரஞ்சில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் அடர்பழுப்புக்குப் போகும். ஓர் அடி தூரத்தில் நின்று பாருங்கள்: நீர் வழிந்த தடம், கீறல், திட்டுத்திட்டாக நிறம் மாறிய இடங்கள் எல்லாம் கிடைக்கும். செர்ரா எதையும் மெருகிடவில்லை.

இப்போது மாடத்துக்கு ஏறுங்கள். நீங்கள் நடந்த பாதையை மேலிருந்து விரலால் வரைந்து பாருங்கள். எத்தனை இடத்தில் கணக்குத் தப்பியிருந்தது என்று தெரியும்.

வெளியே வந்தால் ஆற்றோரம் மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் சிற்பம் நிற்கிறது: 73 துருப்பிடிக்கா எஃகு உருண்டைகள், கண்ணாடி போன்ற மெருகு. அங்கே ஐந்து நிமிடம் போதும். இன்னொரு நாள் கையில் இருந்தால் சான் செபாஸ்தியான் நகருக்குப் பக்கத்தில் எர்னானியில் உள்ள 'சில்லிதா லேக்கு' அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பாஸ்க் சிற்பி எதுவார்தோ சில்லிதாவின் (1924–2002) எஃகுச் சிற்பங்கள் அங்கே புல்வெளியில், மழையிலேயே நிற்கின்றன. அங்கிருந்து நகரக் கடற்கரைக்கு வந்தால், பாறைகளில் பொருத்திய அவரது 1977ஆம் ஆண்டு 'பெய்னே தெல் வியென்தோ' சிற்பத்தையும் பார்த்துவிடலாம். அலை அதிகமுள்ள நாளில் தரைத் துளைகள் வழியே தண்ணீர் பீய்ச்சியடிக்கும். கேமராவை மூடி வையுங்கள்.