பி.எஸ்சி. கணிதத்தில் உங்கள் கிரேடை நீங்களே கணக்குப் போடுவது எப்படி?

ரிசல்ட் வந்த அன்று "மொத்தம் 51 இருக்கு, ஆனா ரீஅப்பியர்னு (மறுபடி எழுதணும்னு) போட்டிருக்கு, தப்பா ஏத்திட்டாங்களா?" என்று கேட்கும் பிள்ளைகளை ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறேன். தப்பாக ஏற்றவில்லை. கணக்கு முறை முன்பே தெரிந்திருந்தால் அந்த அரியரே வந்திருக்காது என்பதுதான் எனக்கு வருத்தம்.

சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் இருக்கும் முறையை வைத்துச் சொல்கிறேன். தன்னாட்சிக் கல்லூரி என்றால் மார்க் பிரிப்பு மாறும், உங்கள் சிலபஸ் புத்தகத்தின் முதல் பக்கங்களில் இருக்கும், அதை எடுத்து வைத்துக்கொண்டு இதே மாதிரி போட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு தாளுக்கும் கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வான எக்ஸ்டர்னல் 75. இன்டர்னலில் டெஸ்டுக்கு 10 (மூன்றில் நல்லது இரண்டு), அசைன்மென்ட், செமினார், வருகைப்பதிவு மூன்றுக்கும் தலா 5. வகுப்புக்கு ஒழுங்காக வந்தாலே கிடைக்கும் 5 மார்க்கை விட்டுவிடாதீர்கள், அது கடைசியில் ஒரு கிரேடையே மாற்றும்.

தேர்ச்சிக்கு இரண்டு வாசல் உண்டு. எக்ஸ்டர்னலில் மட்டும் தனியாக 75க்கு 30 எடுக்க வேண்டும், அப்புறம் இரண்டும் சேர்ந்து 40 வர வேண்டும். இன்டர்னலில் 22 வாங்கி, எக்ஸ்டர்னலில் 29 எடுத்தால் மொத்தம் 51தான், இருந்தாலும் முதல் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

சரி, அந்த 30 எங்கிருந்து வரும்? வினாத்தாள் பொதுவாக இப்படி: பகுதி அ-வில் பத்துக் கேள்வி, தலா 2 மார்க்; பகுதி ஆ-வில் ஐந்து கேள்வி, தலா 5 மார்க்; பகுதி இ-யில் மூன்று கேள்வி, தலா 10 மார்க்; எல்லாவற்றிலும் சாய்ஸ் உண்டு. அ-வில் 16, ஆ-வில் 14 எடுத்தாலே 30 வந்துவிடுகிறது, பத்து மார்க் கேள்வி ஒன்றுகூடத் தொடாமல். கணக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் வரையறைகளையும் தேற்றக் கூற்றுகளையும் சின்னக் கணக்குகளையும் முதலில் உறுதியாகப் பிடியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பாஸ் போதாது, நல்ல கிரேடு வேண்டும் என்றால் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 90 முதல் ஓ, 80 முதல் டி பிளஸ், 75 முதல் டி, 70 முதல் ஏ பிளஸ், 60 முதல் ஏ, 50 முதல் பி, 40 முதல் சி. இன்டர்னல் 21 கையில் இருக்கிறது, டி வேண்டும் என்றால் எக்ஸ்டர்னலில் 54 தேவை. மூன்று பகுதியிலும் தலா 18 எடுத்தால் 54. அதாவது பத்து மார்க் கேள்வி ஒவ்வொன்றுக்கும் 6 வந்தால் போதும். அந்த 6 படிப்படியாக வரும் மார்க்: வகைக்கெழுச் சமன்பாட்டில் துணைச் சமன்பாட்டை எழுதி மூலங்களைக் கண்டுபிடித்ததற்கே மார்க் உண்டு, கடைசி விடை தப்பினாலும் அது போகாது. ஆகவே நடுவில் சிக்கினால் அடித்துவிடாதீர்கள், எழுதினவரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தேற்றம் என்றால் கூற்றையாவது சுத்தமாக எழுதுங்கள், எங்கே எந்த நிபந்தனையைப் பயன்படுத்தினீர்கள் என்று காட்டுங்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. கிரேடு எழுத்து ஒன்றாக இருந்தாலும் கிரேடு பாயின்ட் ஒன்றல்ல, அது மார்க்கைப் பத்தால் வகுத்தது. 60ம் ஏ, 69ம் ஏ, ஆனால் ஒன்று 6.0, மற்றொன்று 6.9. சராசரி எடுக்கும்போது அதைக் கிரெடிட்டால், அதாவது அந்தப் பாடத்துக்குக் கொடுத்திருக்கும் எடையால், பெருக்குவார்கள். 4 கிரெடிட் பாடத்தில் 69, 5 கிரெடிட் பாடத்தில் 60 எடுத்தால்: 6.9 × 4 = 27.6, 6.0 × 5 = 30, கூட்டினால் 57.6, ஒன்பதால் வகுத்தால் 6.4. வெறுமனே இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 6.45 வரும், அது தப்பு. கிரெடிட் அதிகமுள்ள தாளுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

எக்ஸ்டர்னலில் 28, 29 என்று நின்றிருந்தால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். மறுமதிப்பீட்டுக்குக் குறிப்பிட்ட சில நாட்கள்தான் தருவார்கள், ரிசல்ட் பார்த்த அன்றே கல்லூரி அலுவலகத்தில் கடைசித் தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.