ஆஸ்டிராய்டு தேடுறதுல இருந்து பேரு வைக்கிற வரைக்கும்: என்ன செய்யணும், எப்படி செய்யணும்

சொந்தமா டெலஸ்கோப் இல்லாமலேயே ஆஸ்டிராய்டு, அதாவது சூரியன சுத்துற சிறுகோள், தேடலாம்ங்கிறது நிறைய பேருக்கு தெரியறதே இல்ல. ஐஏஎஸ்சி, அதாவது இன்டர்நேஷனல் அஸ்ட்ரனாமிக்கல் சர்ச் கொலாபரேஷன்னு ஒரு அமைப்பு இருக்கு, ஹவாய்ல இருக்கிற பான்-ஸ்டார்ஸ் டெலஸ்கோப் எடுத்த படங்கள ஃப்ரீயாவே தர்றாங்க. ஒரு டீம் சேத்து அவங்க கேம்பெயின்ல பதிவு பண்ணிட்டு, படத்துல புள்ளிகளோட இடத்த அளக்கிற அஸ்ட்ரோமெட்ரிகா சாஃப்ட்வேர கம்ப்யூட்டர்ல போட்டுக்கோங்க.

வானத்துல ஒரே இடத்த கொஞ்ச கொஞ்ச நேரம் விட்டு எடுத்த படங்கள் வரும், அத மாத்தி மாத்தி ஓட விட்டா நட்சத்திரம் எல்லாம் அசையாம நிக்கும், ஒரே ஒரு புள்ளி மட்டும் நகரும். மெயின் பெல்ட்ல, அதாவது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல, இருக்கிறது மணிக்கு சுமார் அரை ஆர்க்நிமிஷம்தான் (ஒரு டிகிரில 60ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்நிமிஷம்) நகரும், அதனால அவசரப்படாதீங்க. நேர்கோட்டுல, ஒரே வேகத்துல, கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்தோட எல்லா படத்துலயும் இருக்கானு பாருங்க, ஒரு படத்துல மட்டும் பளிச்னு இருந்துட்டு அடுத்ததுல காணாம போனா அது கேமரா கோளாறா இருக்கும், விட்டுடுங்க. ஏற்கனவே தெரிஞ்ச ஆஸ்டிராய்டான்னும் சாஃப்ட்வேர்லயே ஒப்பிட்டு பாத்துட்டு ரிப்போர்ட் அனுப்புங்க.

நீங்க அளந்த இடக்குறிப்புகள் எல்லாம் கடைசியா, உலகம் முழுக்க சிறுகோள் தகவல சேக்கிற மைனர் பிளானட் சென்டருக்கு போகும், சரியா இருந்தா தற்காலிக பேரு கிடைக்கும். இத படிக்க கத்துக்கோங்க, ரொம்ப ஈஸி. நம்ம ஜவ்வாது மலை காவலூர்ல 1988 பிப்ரவரி 17 அன்னைக்கு ஆர். ராஜமோகன் கண்டுபிடிச்சதுக்கு 1988 டிக்யூ1னு பேரு. மாசத்த ரெண்டா பிரிச்சு, ஆங்கில எழுத்துல ஐ-ய விட்டுட்டு, ஏ-ன்னா ஜனவரி முதல் பாதி, பி-ன்னா ரெண்டாம் பாதி, அப்படியே எண்ணினா டி வந்து பிப்ரவரி ரெண்டாம் பாதி. அடுத்து வர்ற க்யூ 16ஆவது எழுத்து, இங்கயும் ஐ கணக்குல வராது, பக்கத்துல இருக்கிற 1-ன்னா 25 எழுத்தும் ஒரு சுத்து முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். ஆக, 25+16, அந்த அரை மாசத்துல 41ஆவது கண்டுபிடிப்பு.

இதோட வேலை முடியல, ஆர்பிட்தான், அதாவது அது சூரியன சுத்துற பாதைதான், உண்மையான பரீட்சை. 1801 ஜனவரி 1 அன்னைக்கு இத்தாலிய வானியலாளர் பியாஸி கண்டுபிடிச்ச, முதல் ஆஸ்டிராய்டான சீரிஸே (Ceres) சில வாரத்துல சூரியன் பக்கம் போய் மறைஞ்சிருச்சு, 24 வயசு கணித மேதை காஸ் கணக்கு போட்டு வழி காட்டினதாலதான் அந்த வருஷ கடைசியில திரும்ப கிடைச்சுது. அதனால வருஷக்கணக்கா தொடர்ந்து பாக்கணும், பொதுவா நாலு தடவையாவது ஆஸ்டிராய்டு சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வர்ற சமயத்துல பாத்து ஆர்பிட் உறுதியானாதான் நிரந்தர நம்பர். சுத்துற காலத்த நீங்களே போட்டு பாக்கலாம்: நாசாவோட ஜேபிஎல் ஆய்வகத்தோட இணையதளத்துல, சூரியன்ல இருந்து அதோட சராசரி தூரத்த வானியல் அலகுல (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம்தான் ஒரு அலகு) எடுத்து, அந்த எண்ண மூணு தடவ எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்கி, வர்க்கமூலம் எடுங்க. சீரிஸ்க்கு 2.77, விடை 4.6 வருஷம்.

நம்பர் வந்தப்புறம்தான் பேரு. கண்டுபிடிச்சவருக்கு 10 வருஷம் முன்னுரிமை இருக்கு, 16 எழுத்துக்குள்ள, வாயால சொல்ற மாதிரி, வேற பேரோட குழம்பாத மாதிரி இருக்கணும், ஒரே சொல்லா இருந்தா நல்லது. கம்பெனி விளம்பரம் கூடாது, அரசியல்வாதி பேருன்னா அவர் இறந்து 100 வருஷம் ஆகியிருக்கணும், இந்த விதி எனக்கு ரொம்பவே பிடிக்கும். காவலூர் ஆஸ்டிராய்டுக்கு 4130 ராமானுஜன்னு வெச்சாங்க. 1988ல ஜப்பான்ல கெஞ்சோ சுசுகி கண்டுபிடிச்ச 4538க்கு வருஷக்கணக்கா பேரே இல்லாம இருந்து, 2015ல நம்ம செஸ் ஆனந்த் பேருல விஷியானந்த்னு ஒரே சொல்லா ஆச்சு.

காசு வாங்கிட்டு பேரு வெச்சு தர்றேன்னு யாராவது சொன்னா ஏமாறாதீங்க, சர்வதேச வானியல் ஒன்றியம் பேர விக்கிறதில்ல. நீங்க முன்மொழியும்போது அந்த பேரு எதுக்குனு சில வரியில விளக்கமும் எழுதி தரணும், ஒன்றியத்தோட பேரு வைக்கிற குழு ஒத்துக்கிட்டா பேரும் விளக்கமும் சேந்தே அவங்க அறிக்கையில வரும், அதனால அந்த சில வரிய நிதானமா எழுதுங்க.