ஸ்கேன் அடுக்குகளிலிருந்து முப்பரிமாண உருவம்: இடைவெளியே முதல் வேலை

தொட்டபெட்டா மலையை அட்டையில் செய்து பார்த்தவர்களுக்கு, சிடி ஸ்கேன் அடுக்குகள், அதாவது உடலின் குறுக்குவெட்டுப் படங்கள், எளிதில் புரியும். 1:50,000 அளவை கொண்ட நில அளவைத் துறை வரைபடத்தில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக ஓடுகின்றன. தாளில் அந்த உயரம் 0.4 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு கோட்டையும் 2 மில்லிமீட்டர் அட்டையில் வெட்டி அடுக்கினால், மலை ஐந்து மடங்கு உயர்ந்து கோபுரம்போல் நிமிர்ந்துவிடும். உடலின் படங்களைக் கணினியில் அடுக்கி முப்பரிமாண உருவமாக்கும்போதும், அடுக்குகளுக்கிடையிலான உண்மையான தூரத்தைப் பார்க்காமல், தொடக்கநிலையாளர்கள் இதே பிழையைத்தான் செய்கிறார்கள்.

முதலில் கோப்புகள். கோத்தகிரியிலிருந்து கோவைக்கு இறங்கி ஸ்கேன் எடுத்து வருபவர்கள் ஃபிலிமைப் பத்திரப்படுத்திவிட்டு, உடன் தரப்படும் குறுந்தகட்டை மறந்துவிடுகிறார்கள். நமக்கு வேண்டியவை அந்தத் தகட்டிலுள்ள டைகாம் (DICOM) கோப்புகள்; மருத்துவப் படங்களையும் அவற்றின் அளவுகளையும் சேர்த்து வைக்கும் கோப்பு வகை இது. ஃபிலிமைக் கைப்பேசியில் எடுத்த படத்தில் இடைவெளி அளவுகள் இருக்காது. டைகாம் கோப்புக்குள் நோயாளியின் பெயரும் இருப்பதால், அதை நீக்காமல் எவருக்கும் அனுப்பாதீர்கள். பழகுவதற்கு, இலவச மென்பொருளான 3டி ஸ்லைசரின் ‘சாம்பிள் டேட்டா’ பகுதியிலுள்ள மார்புப் படமே போதும்.

அடுத்து, கோப்புகளை ஸ்லைசரில் ஏற்றி, ‘வால்யூம்ஸ்’ பகுதியில் மூன்று திசைகளின் இடைவெளியையும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். படப்புள்ளிகளின் இடைவெளி 0.7 மில்லிமீட்டர், அடுக்குகளின் இடைவெளி 2.5 மில்லிமீட்டர், அடுக்குகள் 120 என்றால், உருவத்தின் உயரம் 300 மில்லிமீட்டர். எல்லாத் திசைகளிலும் 0.7 என்று கொண்டால் அது 84 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அடுக்கின் தடிமனும் அடுக்குகளுக்கிடையிலான தூரமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளை 2.5 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறும் கணக்கிட்டுத் தருவார்கள். நீங்களே நிரல் எழுதுவதானால், அடுக்குகளின் வரிசையைக் கோப்பின் பெயரைக் கொண்டு தீர்மானிக்காமல், ஒவ்வொரு கோப்பிலும் பதிவாகியுள்ள, அந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் எண்களைக் கொண்டு தீர்மானியுங்கள். இல்லையெனில் 1-க்குப் பின் 10 வந்து நிற்கும்.

பிறகு அடுக்குகளை முப்பரிமாணமாகக் காட்டும் ‘வால்யூம் ரெண்டரிங்’ பகுதியைத் திறந்து, எவை தெரிய வேண்டும் என்பதை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகால் தேர்ந்தெடுங்கள். ஒரு பொருள் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் அலகு இது. காற்று -1000, தண்ணீர் 0. ஏறத்தாழ 300-க்கு மேற்பட்டவற்றை மட்டும் காட்டினால் எலும்புகள் எழுந்து நிற்கும். இரத்தக் குழாய்கள் பளிச்சென்று தெரிவதற்கான மாறுபாட்டு மருந்து செலுத்தி எடுத்த படமானால் அந்தக் குழாய்களும் எலும்புகளோடு சேர்ந்து தெரியும். அவற்றை எலும்பென்று கொள்ளாதீர்கள்.

இறுதியாக, அளவுகோல் கருவியால் உருவத்தின் உயரத்தை அளந்து, முன்பு குறித்த கணக்கோடு ஒப்பிடுங்கள். படத்தின் ஓரத்திலுள்ள ‘ஆர்’ எழுத்து நோயாளியின் வலப்பக்கத்தைக் குறிக்கிறது; குறுக்குவெட்டுப் படத்தில் அது வழக்கமாகத் திரையின் இடப்பக்கத்தில் இருக்கும்.