ஊர்க் கொத்தனாரின் கதையை எழுதி வைப்பது எப்படி?

கட்டடத்தில் பதித்த கல்லில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கும், கட்டியவர் பெயர் இருக்காது. உங்கள் ஊரில் பாதி வீடுகளைக் கட்டிய பெரியவர் இன்னும் இருக்கிறார் என்றால் அவர் கதையை இப்போதே எழுதி வையுங்கள். ஆனால் நாற்காலியில் உட்கார வைத்து "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க ஐயா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். "என்னத்தச் சொல்ல, செங்கல் அடுக்குனேன்" என்று முடித்துவிடுவார்.

அவர் கட்டிய வீட்டுக்கே கூட்டிப் போங்கள், வீட்டுக்காரரிடம் முன்னாடியே சொல்லிவிட்டு. சுவரைத் தொட்டதும் பேச்சு வரும், போனில் பதிவு ஓடட்டும். மெட்ராஸ் டெரஸ் எனும் செங்கல், சுண்ணாம்புக் கூரை போட்ட பழைய வீடு என்றால் மேலே பார்த்துக் கேளுங்கள்: மரக்கட்டைகள் மேல் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கினார்களே, கலவை பிடிக்கும்வரை அது விழாமல் எப்படி நின்றது? சுண்ணாம்பை எத்தனை நாள் ஊற வைத்தார்கள், செக்கில் அரைத்தார்களா, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் எப்போது சேர்த்தார்கள்? கலவைக் கணக்கைக் கேட்டால் "ஒண்ணுக்கு ரெண்டு" என்பார், அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள், எது ஒன்று, எது இரண்டு, அளந்தது எந்தச் சட்டியில் என்று கேளுங்கள். விரிசல் விட்ட சுவரைப் பற்றியும் கேட்கலாம், கொஞ்சம் பழகிய பிறகு. பாராட்டை விட அதில்தான் தொழில் தெரியும்.

ஆண்டுகளில் நினைவு தடுமாறும், அது சகஜம். எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒன்றை வைத்துக் கேளுங்கள். ராமேசுவரம் பக்கம் என்றால் 1964 புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, டெல்டா என்றால் 1977 புயல். அப்புறம் பழைய வீட்டுவரி ரசீதோடு ஒத்துப் பாருங்கள். வில்லங்கச் சான்றை மட்டும் நம்பினால் நிலம் கைமாறியது தெரியும், வீடு கட்டிய வருஷம் தெரியாது.

கரணை, மணியாசுக் கட்டை, தூக்குக்குண்டு என அவர் கருவிகள் எல்லாவற்றையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்.

இனி, பலரும் விட்டுவிடும் பகுதி. அவர் யாரிடம் தொழில் கற்றார், அவரிடம் கற்றவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று ஒரு கிளைப்படம் போடுங்கள், ஏனென்றால் வீட்டை இடித்துவிடலாம், கைப்பழக்கம் சீடர்களிடம் மிஞ்சும். கலவை சுமந்த சித்தாள்களையும் தேடிப் பேசுங்கள், பெரும்பாலும் பெண்கள், அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் இருக்காது. மேஸ்திரி சொல்லாத விஷயம் நிறைய அவர்களிடம் கிடைக்கும்.

எழுதும்போது அவர் பேச்சை இலக்கணத் தமிழாக்கிக் கெடுக்க வேண்டாம். படமும் போடுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் சரி. கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) தன் சிக்கன முறைகளைக் கையால் வரைந்து சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட்டார். செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கி, செங்கல்லைக் கணிசமாக மிச்சம் பிடிக்கும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை இன்றும் ஒருவர் அந்தப் படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

முடித்ததும் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள், நிச்சயம் நாலு இடத்தில் திருத்துவார். திருத்தியதை அச்செடுத்து ஒரு பிரதி அவர் வீட்டுக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு.